கொரியாவில் முதல் வாய்

ஏம்மா, இந்த சீட்டு யாருக்காவது போட்டு வெச்சிருக்கியா? இல்லையே? அப்ப உக்காந்துக்கறேன். இந்தப் பையை மட்டும் நடுவுல வெச்சுக்கலாம், உள்ள புளிசோறு இருக்கு, சாயக் கூடாது. அப்பாடா. என்னா நடை நடக்க விடறாங்க இந்த ஏர்போர்ட்டுல.

உன் பையில தொங்குதே, வட்டமும் கோடுமா, அது கொரியா எழுத்துதானே? பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். கொரியாவுக்கா போற? முதல் தடவையா? அட, சரியான ஆளுதான் உன் பக்கத்துல வந்து உக்காந்திருக்கேன். நானும் அங்கதான் போறேன், சிங்கப்பூர்ல எறங்கி மாறணும். எனக்கு இது ரெண்டாவது தடவை. தனியா போறேன். ஆமா, தனியாதான். கூட யாரும் வரல.

என் பேரு நவநீதம். ஆரணி. எங்க வீட்டுக்காரரு அரிசி மண்டி வெச்சிருக்காரு. எங்க பையன் இளம்பரிதி அங்க டேஜான்னு ஒரு ஊர்ல பேட்டரி ஆராய்ச்சியில இருக்கான். பையன்னா, என் கொழுந்தனாரு பையன். என் ஓரகத்தி எழிலரசி பெத்தது. அவ போளூர்ல டீச்சரு. மூணு மாசக் குழந்தைய என் கையில குடுத்துட்டு காலையில ஏழரை பஸ்ஸுக்கு ஓடுவா, சாயங்காலம் அஞ்சரைக்கு வருவா. பெத்தது அவ. மத்ததெல்லாம் நான். எனக்குன்னு ஒண்ணு பொறக்கல, அத விடு.

உனக்கு டிப்ஸ் வேணும்னா கேளு. எல்லாம் நோட்டுல இருக்கு. இரு, கண்ணாடிய மாட்டிக்கறேன். இதோ. நாப்பத்திரெண்டு டிப்ஸ். என்ன பாக்குற? கையெழுத்து அவளோடது. நோட்டு என்னோடது. டீச்சரு இல்ல, எத வேணா நம்பர் போட்டு எழுதிடுவா. அனுபவிச்சது ரெண்டு பேரும், எழுதற பேரு அவளுக்கு.

முதல் டிப்ஸ். 'அக்கா, சாக்ஸ் ரெண்டு ஜோடி எடுத்துக்கோங்க.' எனக்குத் தெரியாதாக்கும்! அங்க யாரு வீட்டுக்குப் போனாலும் செருப்ப வாசல்ல விட்டுடணும். சில சாப்பாட்டுக் கடையிலயும் அப்படித்தான், மணையில உக்கார்ற மாதிரி கீழ உக்காந்து சாப்பிடணும். உனக்குக் கல்யாணம் ஆகல போல, மெட்டி இல்ல. நான் மெட்டியோட சாக்ஸ் போட்டுக்கிட்டுப் போனேன். முதல் கடையில ஷூவக் கழட்டினா, சாக்ஸ்ல ஓட்டை, விரலு வெளிய எட்டிப் பாக்குது. அவளும் மெட்டிதான் போட்டிருக்கா. அவ சாக்ஸுக்கு ஒண்ணும் ஆகல. எப்படின்னு கேட்டா, மெட்டி மேல பஞ்சு சுத்திக்கிட்டாளாம். வீட்லயே சொல்லியிருந்தா நானும் சுத்தியிருப்பேன் இல்ல? ராத்திரி அவதான் என் சாக்ஸ தெச்சுக் குடுத்தா. செய்யறதையும் செஞ்சுட்டு அப்புறம் தெச்சுக் குடுக்கறது!

இது பஸ் கார்டு. எந்தச் சின்னக் கடையிலயும் கிடைக்கும். ஏறும்போதும் தட்டணும், எறங்கும்போதும் தட்டணும். ரயில்ல சத்தமா பேசக் கூடாது. நான் ஆரணிக்கு வீடியோ கால் போட்டேன், பெட்டி முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் ஓரத்துல வயசானவங்களுக்குன்னு தனி சீட்டு இருக்கும். நான் நின்னதும் ஒருத்தர் கையப் புடிச்சுக் கொண்டுபோய் அதுல உக்கார வெச்சாரு. அவள உக்கார வெக்கல. அவ டை அடிச்சிருக்கா. எட்டு வயசுதான் வித்தியாசம் எங்களுக்கு. இருவது நிமிஷம் அவ நின்னுக்கிட்டே வந்தா, எனக்கு உக்காந்த இடம் முள்ளா இருந்துச்சு. கீழ எறங்கி, 'நல்ல மரியாதை தெரிஞ்ச ஊரு அக்கா, உங்களுக்கு உடனே எடம் குடுத்துட்டாங்க'ன்றா. குத்திக் காட்டறத எப்படிக் காட்டறா பாரு.

சாப்பாடா? சொல்றேன். நீ ஒரு சோறு சொன்னா கூடவே ஆறு ஏழு சின்னக் கிண்ணம் வந்து உக்காரும். கிம்சின்னு மொளகாப்பொடி போட்டு ஊற வெச்ச கோசு, கீரை, மொளகட்டின பயிறு, முள்ளங்கி. அதுக்கெல்லாம் காசு கெடயாது, தீந்தா மறுபடி வெப்பாங்க. மேசையில ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கினா வருவாங்க. இது தெரியாம நான் முதல் நாளு கிண்ணம் ஒண்ணத்தையும் தொடல. பையனுக்கு வீண் செலவு வெக்கக் கூடாதுன்னு வெறுஞ்சோத்தத் தின்னேன். அவ மூணு தடவ பொத்தான அமுக்கினா. ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? சொன்னாளாம், எனக்குக் காதுல விழலையாம்.

சாதத்துல ஸ்பூன நட்டு வெச்சுடாத, அது அங்க சாவுக்குப் படைக்கறது. கிண்ணத்தக் கையில தூக்கக் கூடாது. எது குடுத்தாலும் வாங்கினாலும் ரெண்டு கை. கறி வேணாம்னா 'வேணாம்'னு சொன்னா மட்டும் பத்தாது, சாறுல மீனு இருக்கான்னும் கேக்கணும், வெறும் காய்க் குழம்புன்னு நம்பினா அடியில கருவாடு கெடக்கும். கோயில் பக்கம் போனீன்னா மலையேறி அங்க சாப்பிடு, பூண்டு வெங்காயம் கூட இல்லாம போடறாங்க, தேவாமிர்தம். தூங்கறதுக்குத் தரையே சூடா இருக்கும், அடியில வெந்நி ஓடுதாம். என் முட்டி வலி அங்க பதினஞ்சு நாளும் இல்ல, போ.

அரண்மனையா? கட்டாயம் போ. அவங்க ஊரு பாவாடை சட்டை, கூடாரம் மாதிரி விரிஞ்சிருக்கும், அத வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனா உள்ள போக டிக்கெட்டு கெடயாது. பரிதி என்னைக் கேட்டான், 'பெரியம்மா, கட்டிக்கறீங்களா?' நான் வேணாம்னேன். ஒருத்தங்க வேணாம்னா ரெண்டாந்தடவ கேக்கணுமா இல்லயா? நீயே சொல்லு. ரெண்டாந்தடவ கேட்டா சரின்னு சொல்லலாம்னு இருந்தேன். அவன் திரும்பி அவங்கம்மாவக் கேட்டான். அவ உடனே சரின்னுட்டா! ரோஸ் பாவாடை, பச்சை சட்டை, தலையில பூ ஊசி. நெசமாவே ராணியாட்டம் இருந்தா. வயிறு எரிஞ்சுது எனக்கு, மறைக்க என்ன இருக்கு. அந்தப் போட்டோதான் சொந்தக்காரங்க குரூப்புல ஒரு மாசம் ஓடிச்சு. ஓரமா மூணு பேரு பையையும் மாட்டிக்கிட்டு ஒருத்தி நிப்பா பாரு, அது நான்.

ஆனா இதெல்லாம் சின்ன விஷயம். நாங்க போனதே அதுக்கு இல்ல. பையன் அங்கயே ஒரு பொண்ணப் பாத்து வெச்சிருந்தான். சுயோன்னு பேரு. நல்ல பொண்ணு, இப்ப சொல்றேன். அப்ப அந்தப் பொண்ணோட அப்பா அம்மா, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்களப் பாக்காம ஒண்ணும் பேச மாட்டோம்னுட்டாங்க. அதான் டிக்கெட்டு. எங்க வீட்டுக்காரரு மண்டியில அறுவடை வரவு, கொழுந்தனாருக்கு விமானம்னா பயம். நாங்க ரெண்டு பேரும் போனோம்.

அன்னிக்கு சனிக்கிழமை. மத்தியானம் அவங்க வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிட்டிருந்தாங்க. போனதுமே ஆரம்பிச்சுது. பரிதி எழிலரசியக் காட்டி ஒரு வார்த்தை சொன்னான், அம்மான்னு. எல்லாரும் குனிஞ்சு கும்பிட்டாங்க. அப்புறம் என்னைக் காட்டி வேற என்னமோ சொன்னான். அதுக்கும் கும்பிட்டாங்கதான். ஆனா ரெண்டாவதா. ஜுரத்துல ராத்திரி பூரா தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது நானு. அஞ்சு வயசு வரைக்கும் என்னைத்தான் அம்மான்னு கூப்பிட்டான். பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப, 'அவங்க பெரியம்மாடா, நான்தான் அம்மா'ன்னு சொல்லிக் குடுத்தா. அன்னிக்கு அவன் முழிச்ச முழி இன்னும் எனக்குள்ள இருக்கு.

சரி, அது போகட்டும்னு பாத்தா, பட்டுப்புடவை. ஆரணியில நாலு கடை ஏறி எறங்கி, மூணு மணி நேரம் நின்னு, மயில் கழுத்து கலரு, நான் பொறுக்கினது. அவ பையில வெச்சிருந்தா. எடுத்து ரெண்டு கையால அந்தம்மாகிட்ட நீட்டறா! அந்தம்மா வாங்கி, நெஞ்சுல வெச்சுக்கிட்டு, அவளப் பாத்துக் கண்ணு கலங்குது. என் புடவைக்கு!

அப்புறம் வயசு கேட்டாங்க. அங்க முதல்ல வயசுதான் கேப்பாங்க, கோச்சுக்காத. நான் சும்மா சிரிச்சேன். பரிதி போட்டு உடைச்சுட்டான், அறுபத்திமூணுன்னு. அந்தப் பொண்ணோட அப்பாவுக்கே அறுபதுதான். அவரு மறுபடி எனக்கு ஒரு கும்பிடு போட்டாரு. கெழவின்னு சொல்லாம சொல்றாருன்னு நெனச்சேன்.

மேசையப் பாக்கணுமே நீ. கிண்ணம் வெக்க எடமில்ல. கல்லுச் சட்டியில குழம்பு கொதிச்சுக்கிட்டே வருது. இந்தச் சோத்துல கை வெக்கக் கூடாதுன்னு தோணிடுச்சு. அன்னிக்கு புரட்டாசி சனிக்கிழமை இல்ல? 'எனக்கு விரதம்'னு சொல்லிட்டேன்.

நம்ம வீட்டுல ஒரு பொம்பள சாப்பிடலன்னா என்ன ஆவும்? ஒண்ணும் ஆவாது. ரெண்டு தடவ 'சாப்பிடு'ம்பாங்க, அப்புறம் அவங்க சாப்பிட்டு எழுந்து போயிடுவாங்க. முப்பத்தஞ்சு வருஷமா எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியில சட்டியில இருக்கறதத் தின்னவ நான். நான் சாப்பிட்டேனா இல்லயான்னு யாருக்குத் தெரியும்? அப்படித்தான் நெனச்சேன்.

அங்க அப்படி இல்லம்மா. அது எனக்குத் தெரியாது. அங்க மேசையில யாரு வயசுல பெரியவங்களோ, அவங்க ஸ்பூன எடுத்து ஒரு வாய் வெச்சாதான் மத்தவங்க தொடுவாங்க. அந்த மேசையில பெரியவ நானு.

பரிதி நான் சொன்னத மாத்திச் சொன்னான். அந்தப் பொண்ணோட அப்பா எடுத்த ஸ்பூன கீழ வெச்சுட்டு, ரெண்டு கையையும் முட்டி மேல வெச்சுக்கிட்டாரு. அந்தம்மாவும். பொண்ணும். குழம்பு கொதிக்கறது மட்டும் கேக்குது. அப்புறம் அதுவும் அடங்கிடுச்சு. 'பெரியம்மா, ஒரே ஒரு வாய்'ன்னான் பரிதி. 'சாமி விஷயம்ப்பா'ன்னேன். அவரு மெதுவா என்னமோ சொன்னாரு. பரிதி மொகம் வெளுத்துப் போச்சு. 'பெரியவங்களுக்கு மனசு ஒப்பல போல, இந்தப் பேச்ச இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்னு சொல்றாரு பெரியம்மா'ன்னான். அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிச்சு, மூக்கு நுனி செவந்து போச்சு.

ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. நல்லாத்தான் இருந்துச்சு எனக்கு. அவ்ளோ பேரும் என்னையே பாக்கறாங்க. பெத்தவ பக்கத்துல உக்காந்திருக்கா, அவள ஒருத்தரும் பாக்கல. நான் வாயத் தொறந்தாதான் ஒரு குடும்பம் சாப்பிடும். ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குமா? என் ஆயுசுல அந்த மாதிரி அஞ்சு நிமிஷம் இல்ல.

அவ எழுந்தா. மேசையச் சுத்தி வந்து என் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தா. காதுகிட்ட சொல்றா, 'அக்கா, காலையில கடையில முக்கோணமா புடிச்சு விக்கற சோறு வாங்கிச் சாப்பிட்டீங்க. உள்ள மீனு இருந்துச்சு. எனக்குத் தெரியும், நான் சொல்ல மாட்டேன். பையன் உங்களோடது. உங்களுக்கு இந்தப் பொண்ணு வேணாம்னா சொல்லுங்க, இப்பவே எழுந்து போயிடலாம், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வேணும்னா ஒரு வாய் வைங்க.'

திமிரப் பாத்தியா? மீனத் தின்னதப் பாத்து வெச்சிருக்கா! 'பையன் உங்களோடது'ன்னு என்னமோ அவ தூக்கிக் குடுக்கற மாதிரி. முப்பது வருஷமா வாயில வராத வார்த்தைய அந்த எடத்துல வந்து சொல்றா, நாலு பேரு பாக்கறப்ப. ஆனா அவங்களுக்கு பாஷை புரியாது, பரிதிக்குக் காதுல விழல. எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. அதுவும் ஒரு வயித்தெரிச்சல்.

அவ ஸ்பூன எடுத்து ரெண்டு கையால நீட்டினா. நான் வாங்கினேன். கொஞ்சம் சோறு, மேல ஒரு துண்டு கிம்சி. வாயில வெச்சேன். உடனே நாலு ஸ்பூன் சத்தம் கேட்டுச்சு பாரு, கோயில் மணி மாதிரி. அந்தப் பொண்ணு என்னைப் பாத்து அழுதுக்கிட்டே சிரிக்குது. எனக்கும் கண்ணுல தண்ணி. கிம்சி காரம். அவ்ளோ காரம் அது.

அப்புறந்தான் பரிதி சொன்னான், அவன் என்னைக் காட்டிச் சொன்ன வார்த்தைக்கும் பெரிய அம்மான்னுதான் அர்த்தமாம். அப்பாவோட அண்ணன் பொண்டாட்டிய அங்கயும் அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். இத முன்னாடியே சொல்லித் தொலச்சா என்ன?

கல்யாணம் ஆரணியில ஜாம் ஜாம்னு நடந்துச்சு. அந்தக் கதை ஊருல எப்படிப் பரவிச்சு தெரியுமா? 'அக்கா ஸ்பூன எடுத்த உடனேதான் சம்மந்தம் முடிஞ்சுது'ன்னு இவதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. விரதத்தப் பத்தி மூச்சு விடல. எல்லாரும் என்ன சொல்றாங்க? 'எழிலரசிக்கு எவ்ளோ பெரிய மனசு'ங்கறாங்க. பேரு அங்கயும் அவளுக்கே போச்சு!

அதோட விட்டாளா? அங்க கத்துக்கிட்டு வந்த வழக்கம்னு சொல்லிக்கிட்டு, அன்னியிலேந்து நான் சாப்பிடாம அவ சாப்பிடறதில்ல. தட்டுல போட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. 'அக்கா, வாங்க. அக்கா, ஒரு வாய்.' நான் பாட்டுக்கு நிம்மதியா கடைசியில சாப்பிட்டுக்கிட்டிருந்தேன், அதையும் கெடுத்தா.

இப்ப எதுக்குப் போறேன்னா, குழந்தை பொறந்திருக்கு. பொண்ணு. நூறாவது நாளு அங்க விசேஷம், அரிசிமாவுல வெள்ளையா பலகாரம் செஞ்சு நூறு பேருக்குக் குடுப்பாங்களாம். ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு போட்டான். போன மாசம் எழிலரசி மாடிப்படியில வழுக்கி விழுந்து கால உடைச்சுக்கிட்டா. மாவுக்கட்டு. நான் தனியா போறேன். ஒரு மாசம் பையன் எனக்கு மட்டும். பேத்தி எனக்கு மட்டும். முப்பத்திமூணு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன், சாமி சத்தியமா. அந்தப் பொண்ணோட அம்மா தெனம் வந்து குழந்தையத் தூக்கி வெச்சுக்கறாங்களாம், அத நான் போய்ப் பாத்துக்கறேன்.

கட்டுப் போட்ட காலோட உக்காந்து இந்த நோட்ட எழுதியிருக்கா. கடைசி டிப்ஸ படி. கண்ணாடியில ஆவி படிஞ்சு போச்சு எனக்கு, நீ படி. ஆமா, நாப்பத்திரெண்டு. 'அக்கா, குழந்தைய முதல்ல உங்க கையிலதான் குடுக்கணும்னு பரிதிகிட்ட சொல்லியிருக்கேன்.' சொல்லியிருக்காளாம்! இவ சொல்லித்தான் எனக்குக் குடுக்கணுமா?

இரு, போனு. அவதான். காலையிலேந்து நாலாவது தடவ... ஹலோ. ஆங், உள்ள வந்துட்டேன். பாஸ்போர்ட்டு பத்திரமா இருக்குடி. பக்கத்துல ஒரு பொண்ணு, அதுவும் அங்கதான் போவுது. நானா? இன்னும் இல்ல. பசிக்கல. நீ? ... மணி ஒண்ணு ஆவுது, மாத்திரை போட வேணாமா? சரி, வெய்யி.

பாத்தியா? தட்டுல போட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நூத்து நாப்பது கிலோமீட்டர் தாண்டி. சாப்பிட்டேன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எதச் சொன்னாலும் கண்டுபிடிச்சுடுவா அவ.

அந்தப் பைய எடு. புளிசோறு நெறைய இருக்கு, உனக்கும் சேத்துதான் கட்டியிருக்கா போல, எப்பவும் ஒரு ஆளுக்கு அதிகமாத்தான் கட்டுவா. இந்தா, வாங்கிக்கோ. ஒத்தக் கையால வாங்காத, ரெண்டு கை. ஆங், அப்படித்தான். இரு இரு, வாயில வெக்காத. நான் முதல்ல ஒரு வாய் வெச்சுக்கறேன். அங்க ஒருத்தி பசியோட உக்காந்திருக்கா.